டோக்கியோவுக்குத் திரும்பாமல் ஒரு ஜப்பான் பயணம்

முதலில் போட்ட திட்டத்தில் பத்து நாளில் ஆறு ஊர். கடைசியில் விமானத்துக்காக மறுபடியும் டோக்கியோ. தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் பாதி நேரம் ரயிலிலேயே போய்விடும் என்று புரிந்தது. ஏழு நாள் ரயில் பாஸும் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது.

சரி, வழியையே மாற்றினேன். டோக்கியோவில் இறங்கி, ஒசாகா பக்கம் கன்சாய் விமான நிலையத்தில் ஏறுகிற மாதிரி டிக்கெட். நடுவில் கனசாவா, கியோட்டோ மட்டும். தனித்தனி ரயில் டிக்கெட்டே பாஸைவிட மலிவு. பெரிய பெட்டியை டோக்கியோ ஹோட்டலிலேயே கொடுத்து, 'தக்யூபின்' கூரியரில் கியோட்டோவுக்கு அனுப்பிவிட்டேன்.

சாப்பாடுதான் பெரிய கவலை. நான் சைவம், அங்கே காய்கறிக் குழம்பில்கூட 'தாஷி' சாறு இருக்கும், அதில் பெரும்பாலும் மீன். அதற்காகவே ஒசாகாவிலிருந்து கோயாசான் மலைக்குப் போய், கோயில் விடுதியில் ஓர் இரவு தங்கினேன். துறவிகளின் ஷோஜின் சாப்பாட்டில் மீனும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. எள்ளை அரைத்து, குட்ஸு என்ற கொடியின் கிழங்கு மாவு சேர்த்துக் கிளறிய கோமாதோஃபு வந்தது. மேலே துளி வசாபி, காரமான பச்சை விழுது. அல்வா மாதிரி வழுக்கிக்கொண்டு, நாக்கில் எள் வாசனையை விட்டுப் போனது. அடுத்த முறை அங்கே இரண்டு இரவு.