'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டுவிடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் திருவிழா மேடைக்கு நாடகம் போடும் பிள்ளைகள் போன வாரம் ஒத்திகை பார்க்கக் கூப்பிட்டார்கள். நோட்டீஸில் ஒரு பாட்டுக்கு நேரே 'நாட்டுப்புறப் பாடல்' என்று இருந்தது. யார் கட்டியது என்று கேட்டேன்.

"சும்மா தோட்டத்துப் பாட்டுதாண்ணே."

இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அடுத்தவன் வசனத்தை அப்படியே திருடக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். தப்பு என்றே தெரியாமல் நாம் செய்யும் தப்புகளைத்தான் சொல்கிறேன்.

யோசனையைப் பூட்டி வைப்பது

வெளியே சொன்னால் எவனாவது எடுத்துவிடுவான் என்று நான் பொத்திவைத்த கதை ஒன்று உண்டு. இன்னும் என்னிடமே கிடக்கிறது.

ஆள் இருக்கும்போதே அநாதைப் பாட்டு ஆக்குவது

லயத்தில் ஒரு பெரியம்மா. ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த காலத்தில் தன் நிரையை, அதாவது தனக்கு ஒதுக்கிய மர வரிசையைப் பற்றித் தானே கட்டிய பாட்டை, தேத்தண்ணி குடிக்கப் போன எனக்குப் பாடிக் காட்டினார். கேசட்டில் பிடித்தேன். மேடைக்கு எடுக்கிறேன் என்று சொல்லவில்லை. போதாததற்கு, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் பிறந்தவர்களுக்கு, பால் வடியும் கோப்பையான 'மங்கு' புரியாது என்று அதைக் 'கிண்ணம்' ஆக்கினேன். நோட்டீஸில்? 'நாட்டுப்புறப் பாடல்'தான்.

அன்று பெரியம்மா முன்வரிசையில் இருந்தார். நாடகம் முடிந்ததும், "ஏன் தம்பி, கிண்ணத்துலயா நாங்க பால் எடுத்தோம்?" என்றார். பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன் பிறகு எனக்கு எந்தப் பாட்டும் பாடவில்லை.

சட்டம் படித்த நண்பர் சமாதானம் சொன்னார். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வெறும் யோசனையைக் காப்பதில்லை. எழுதாத, பதிவாகாத பாட்டையும் காப்பதில்லை. உண்மைதான். ஆனால் பதிவு செய்தது யார்? நானேதான். எழுத்திலோ ஒலியிலோ ஏறிவிட்ட பாட்டுக்கு, கட்டியவரின் ஆயுளும் அதற்கு மேல் 50 ஆண்டும் என்கிறது அதே சட்டம். நண்பர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. நானும் புரட்டச் சொல்லவில்லை.

என் நாடகத்தைப் பார்த்த குழுக்கள் பாட்டை எடுத்துக்கொண்டன. அவர்கள் மேல் என்ன தப்பு? ஊர்ச் சொத்து என்று அச்சடித்துக் கொடுத்தவனே நான். போன வாரம் அந்தப் பிள்ளைகள் பாடியதும் அதே பாட்டுதான், 'கிண்ணம்' உட்பட.

வாங்கியதைச் சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று பயப்படுவது

தேவபாஷையில் இந்தக் கதையைச் செய்தவர் மூவர், அவர்களில் முந்தியவர் சொன்னபடியே சொல்கிறேன் என்று கம்பன் பாயிரத்திலேயே சொல்லிவிடுகிறான். அதற்காக யாரும் அவனைக் குறைத்துப் பேசவில்லை.

திருத்தியதை மறைப்பது

ஒரு சொல்லை மாற்றினாலும், பாடித் தந்தவரிடம் முதலில் பாடிக் காட்டுங்கள்.

நோட்டீஸை மறுபடி அச்சடிக்கும் செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா இப்போது இல்லை. ஈப்போவில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு அனுமதி கேட்டேன். அம்மாவின் முழுப் பேரையும் அப்போதுதான் கேட்டு எழுதிக்கொண்டேன்.