சுழியோடும் உடுப்பு வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாசி மாதம் அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, கடலட்டை பிடிக்கிற அனுமதிப்பத்திரம் கைக்கு வந்துவிட்டது. உடுப்பு வாங்க வேண்டும். நல்ல தடிப்பாக 5 மில்லிமீற்றரில் எடுத்துவிடவா?" என்று கேட்டான். "தடிப்பைப் பிறகு பார்ப்போம். போட்டுப் பார்த்துக் கழுத்து எப்படிப் பிடிக்கிறது என்று சொல்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. 2012இல் முல்லைத்தீவின் அளம்பில் கரையிலிருந்து முதன்முதலாகக் காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்கியபோது எனக்கும் அது விளங்கியிருக்கவில்லை.

எங்கள் கடலுக்கு எதற்கு உடுப்பு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முல்லைத்தீவுக் கடலில் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) காலத்துத் தண்ணீர் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அதே சூட்டில் காற்று வீசினால் வேப்பமர நிழலில் வெறும் மேலோடு படுத்து உறங்கலாம். தண்ணீர் அப்படி விடாது. காற்றைப் போல ஏறத்தாழ 25 மடங்கு வேகத்தில் அது உடற்சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. முதல் சிலிண்டரில் ஒன்றும் தெரியாது. மூன்றாவதில் பல் கிட்டும்.

உடுப்பு தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். உடுப்பு செய்யும் நியோப்பிரீன் என்ற இறப்பருக்குள் நுண்ணிய வாயுக் குமிழ்கள் அடைபட்டிருக்கின்றன. சூட்டை மறிப்பவை அவைதாம். தோலுக்கும் இறப்பருக்கும் இடையில் புகுந்த மெல்லிய நீர்ப்படலத்தை உடம்பு சூடாக்கிக்கொள்கிறது. அந்த நீர் அங்கேயே நிற்க வேண்டும். அது வெளியேறிப் புது நீர் புகுந்தால் மறுபடி அதைச் சூடாக்க வேண்டும், மறுபடி, மறுபடி. தண்ணீரூற்றுக் கிராமத்தில் எங்கள் அப்பா தினமும் காலையில் மண்வெட்டியோடு வரம்பைச் சுற்றி வருவார். நண்டு வளை ஒன்று திறந்திருந்தால் வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும் வயலில் நீர் நிற்காது என்பார். உடுப்பிலும் அதே கணக்குத்தான். கழுத்து, இரண்டு மணிக்கட்டு, இரண்டு கணுக்கால், முதுகுச் சிப், தையல். வளைகள் இவ்வளவே.

என் முதல் உடுப்பைக் கொழும்பில் ஒரு கடையில் பழையதாக வாங்கினேன். தடிப்பு 5 மில்லிமீற்றர், என் அளவுக்கு ஒரு படி பெரியது. போடுவதற்கு இலகுவாக இருந்ததே என்று சந்தோஷப்பட்டேன். தண்ணீருக்குள் ஒவ்வொரு தடவை காலை அடிக்கும்போதும் பிடரியிலிருந்து முள்ளந்தண்டு வழியாக ஒரு குளிர்ந்த கயிறு இறங்கியது. நிமிர்ந்தால் முதுகில் பை போலத் தண்ணீர் தேங்கும், குனிந்தால் அது பிதுங்கி வெளியேறும். ஒரு நாள் மேலே வந்து படகைப் பிடித்தபடி மிதக்காமல் கீழே இறங்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயப் பட்டியைக் கழற்ற முயன்றேன். விரல்கள் மடங்கவில்லை. கொக்கி எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியவில்லை. படகில் இருந்த சம்மாட்டி (படகுக்காரர்) குனிந்து கழற்றிவிட்டார். அவசரத்துக்குக் கழற்றி எறிய வேண்டிய பட்டி அது. இந்த அனுபவம் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. குளிர்ந்த உடம்பில் கைகால்களுக்கு ஓடும் இரத்தம் குறைகிறது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைதரசன் மேலே ஏறும்போது வெளியேறுவது அதனால் தாமதப்படும். அப்படித் தங்கும் நைதரசன் குமிழாகி உடம்பைத் தாக்கும். மூட்டுவலியும் விறைப்பும் கொண்டு தடியூன்றி நடக்கிற சுழியோடிகளை நான் கரையோர மீன்வாடிகளில் பார்த்திருக்கிறேன். மெதுவாக ஏறுவதும் நேரக்கணக்கும்தான் முதல் பாதுகாப்பு. உடம்பைச் சூடாக வைத்திருப்பது அதற்கு அடுத்தது.

இனி, கடையில் நின்று என்ன பார்ப்பது?

உடுப்பை உலர்ந்த உடம்பில் போடுங்கள். காலில் ஒரு பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். சரியான அளவென்றால் போடப் பத்து நிமிடம் பிடிக்கும், வியர்க்கும். போட்ட பின் மூச்சை முழுதாக இழுத்துப் பாருங்கள்; நெஞ்சு தடையில்லாமல் விரிய வேண்டும். பிறகு குந்தியிருங்கள், கைகளைத் தலைக்கு மேல் உயர்த்துங்கள். இடுப்புக்கு மேலே முதுகுக் குழியிலும், அக்குளிலும், கவட்டிலும் இறப்பர் தோலைவிட்டு எழும்பி நிற்கிறதா என்று இன்னொருவரைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகுக் குழியில் ஒரு கைப்பிடி இறப்பரை இழுத்தெடுக்க முடிந்தால் அந்த உடுப்பு உங்களுக்கு உரியதன்று. உடுப்புகள் வேறு நாட்டு உடம்புகளுக்கு வெட்டப்பட்டவை. எங்கள் பையன்கள் பலருக்கு உயரம் சரியாக வந்தால் வயிறு தொளதொளக்கும். மெலிந்த ஆளுக்கென்று வெட்டிய அளவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

கழுத்தில் இரண்டு பக்கமும் கவனம் வேண்டும். ஒரு விரல் நுழையலாம், ஆனால் விரலை எடுத்தவுடன் விளிம்பு தோலில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இறுகினால் நல்லது என்று அளவு மீறிப் போகாதீர்கள். கழுத்தின் இரு புறத்திலும் உள்ள இரத்தக் குழாய்கள் அழுந்தினால் இதயத் துடிப்பு குறைந்து தலை சுற்றும். கடையில் ஐந்து நிமிடம் போட்டுக்கொண்டு நிற்கும்போதே தலை கனத்தால் கழற்றிவிடுங்கள்.

மணிக்கட்டிலும் கணுக்காலிலும் உட்பக்கம் துணி ஒட்டாமல் வழவழப்பான இறப்பராக இருக்கும் உடுப்பே சிறந்தது. அது வெறுந்தோலில் படிய வேண்டும். எங்கள் பையன்கள் உள்ளே நீளக்கை பனியன் போடுகிறார்கள். அந்தத் துணியின் நுனி வெளியே எட்டிப் பார்த்தால் திரிபோல நீரை உள்ளே கடத்தும். கைக்கடிகாரப் பட்டியும் அப்படியே. வற்றாப்பளை அம்மன் கோயிலில் கட்டிய நூலை நான் அறுப்பதில்லை. உடுப்புக் கையின் விளிம்பை நூலுக்கு மேலே இரண்டு விரல் அளவுக்கு ஏற்றிவிடுவேன்.

முதுகுச் சிப்புக்குப் பின்னால் ஒரு மடல் இருக்க வேண்டும். மடல் இல்லாத சிப் வாய் திறந்த மதகு.

தையலுக்கு ஒரு சோதனை உண்டு. உடுப்பை உட்புறம் வெளியே திருப்பிப் பாருங்கள். ஊசி இருபுறமும் துளைத்து வந்திருந்தால் அந்தத் துளைகளால் நீர் வரும். ஓரங்களைப் பசையால் ஒட்டி, ஊசி மறுபுறம் வராமல் தைத்ததே நல்லது. பழைய உடுப்பென்றால் உடுப்புக் கையின் நுனியை முறுக்கிப் பிடித்து உள்ளே தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடியுங்கள். மருமகனோடு ஒரு பழைய உடுப்பில் அப்படிச் செய்தபோது முழங்கைத் தையலில் முதலில் ஒரு துளி அரும்பியது. பார்த்துக்கொண்டிருக்கவே அதன் பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று என்று மணி கோத்தது போல வரிசையாக வந்தன. அவன் ஒன்றும் பேசாமல் உடுப்பை மடித்து வைத்துவிட்டான்.

அறுகம்பைப் பக்கம் அலைச்சறுக்குக்காரர்கள் விட்டுப்போகும் உடுப்புகள் மலிவாக வருகின்றன. மென்மையாக இருக்கும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் அவை நீர்மட்டத்தில் பாவிப்பதற்கானவை. 20 மீற்றரில் அழுத்தம் மேலே உள்ளதைப் போல மூன்று மடங்கு. எந்த நியோப்பிரீனும் அங்கே மெலியும், அந்த மென்மையான வகை இன்னும் கூடுதலாக நசுங்கும். பழைய இறப்பரைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அழுத்திப் பிடித்து, பிறகு விரலை எடுங்கள். குழி உடனே நிமிர்ந்தால் உயிர் இருக்கிறது.

தடிப்பைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். நாளுக்கு ஒன்றிரண்டு சிலிண்டர் என்றால் உடம்போடு ஒட்டிய 3 மில்லிமீற்றர் முழுநீள உடுப்பு போதும் என்பது என் முடிவு. நாள் முழுதும் இறங்கி ஏறுபவருக்கு 5 தேவை. தடிப்பு கூடினால் மிதப்பும் கூடும், ஈயமும் கூட்ட வேண்டும். ஆழத்தில் உடுப்பு நசுங்கியதும் அந்த ஈயம் உங்களைக் கீழே இழுக்கும். புது உடுப்போடு முதல் நாளே ஆழத்துக்குப் போகாதீர்கள்.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே தெரிய நிழலில் காயப்போடுங்கள். வெயில் இறப்பரை வெடிக்க வைக்கும். சிப்பில் உப்புப் படிந்தால் மெழுகுதிரியால் தேய்த்துவிடலாம்.

மருமகன் கடைசியில் 3 மில்லிமீற்றரில் ஒன்று எடுத்தான். அடுத்த நாள் காலை அளம்பில் கரையில் கழுத்தளவு நீருக்குப் போகச் சொன்னேன். முதலில் நீர் உள்ளே புகுந்ததும் சிலிர்த்தான். சில நிமிடங்களில் அது சூடாகிவிட்டது என்றான். பிறகு இருபது தடவை குனிந்து நிமிர்ந்து, கைகளை வீசிக் காலடிக்கச் சொன்னேன். கரையில் நின்றபடி, "முதுகில் புதுக் குளிர் இறங்குகிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. இடது கணுக்காலில் மட்டும் கொஞ்சம்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். உடுப்புக் காலின் விளிம்பு உள்ளே மடிந்திருந்தது. விரலை விட்டு நிமிர்த்திவிட்டேன்.