திராட்சைத் தோட்டத்தில் டிஸ்க் கோல்ஃப்: முதல் தடவை ஆடப் போகிறவர்களுக்கு

டிஸ்க் கோல்ஃபில் பந்துக்குப் பதில் டிஸ்க் என்ற வட்டமான பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. ‘டீ’ எனும் தொடக்க இடத்திலிருந்து எறிய வேண்டும், விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும், குறைந்த எறிகளில் கூடைக்குள் போட்டவர் ஜெயித்தார். 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். அதற்கு முன் அவர் ஃப்ரிஸ்பீ தட்டை மேம்படுத்தியவர். சங்கிலிக் கூடையும் அவருடைய வேலைதான். ஆட்டத்தின் விதிகளை எழுதும் பி.டி.ஜி.ஏ. சங்கத்தை 1976-இல் தொடங்கியதும் அவரே.

பெரும்பாலான மைதானங்கள் பூங்காவிலோ காட்டிலோ இருக்கும். திராட்சைத் தோட்டத்தில் இருப்பவை வேறு ரகம். காட்டில் மரத்தில் பட்டால் டிஸ்க்குக்குத்தான் அடி. இங்கே அடி வாங்குவது யாரோ வருடம் முழுக்க வளர்த்த கொடி. அதனால் இங்கே “எவ்வளவு தூரம் போகும்” என்று கேட்பதை விட்டுவிட்டு, “எங்கே போய் நிற்கும்” என்று கேட்டுப் பழகுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

படி 1: எப்போது போவது?

தோட்டத்துக்காரரிடமோ அங்கே வேலை பார்ப்பவர்களிடமோ முதலில் மூன்று விஷயம் கேளுங்கள். சமீபத்தில் மருந்து அடித்தார்களா? அறுவடை நடக்கிறதா? பறவை வலை போட்டிருக்கிறார்களா?

மருந்து விஷயத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். திராட்சைக்குச் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் சுலபமாக வரும் என்பதால் கந்தகமும் தாமிரமும் கலந்த மருந்துகள் பருவத்தில் பல முறை அடிக்கப்படும். ஒவ்வொரு மருந்துக்கும், அடித்த பிறகு இத்தனை நேரம் ஆள் உள்ளே போகக் கூடாது என்று கணக்கு உண்டு. அந்த நேரத்துக்குள் போகாதீர்கள். கைக்கெட்டும் பழத்தைப் பறித்து வாயில் போடுவதும் வேண்டாம்.

வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையும், தென் அரைக்கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும் அறுவடை. அது முடிந்த பிறகு, அடுத்த துளிர் வருவதற்கு முன் இருக்கும் மாதங்கள்தான் புதிதாக ஆடுபவருக்கு நல்ல காலம். பழம் இருக்காது, வலை இருக்காது, இலை உதிர்ந்துவிட்டால் டிஸ்க்கும் சுலபமாகக் கண்ணில் படும்.

துளிர் விடும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது ஒரு கொடியை அருகில் போய்ப் பாருங்கள். விரல் நீளத்துக்கு வந்த இளந்தளிர் அடியில் இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும்; கட்டைவிரலால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே ‘டப்’ என்று அடியோடு கழன்று வரும். தோட்டத்தில் வேண்டாத தளிர்களை நீக்குபவர்களும் இப்படித்தான் கையாலேயே நீக்குகிறார்கள். அந்த வருடக் குலைகள் வரப்போவது அந்தத் தளிரில். 175 கிராம் டிஸ்க் ஒன்று வேகமாக வந்து உரசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 2: இரண்டு டிஸ்க் போதும்

கடையில் டிரைவர் (தூர எறிக்கு), மிட்ரேஞ்ச் (நடுத்தர தூரத்துக்கு), பட்டர் (கூடைக்கு அருகே போட) என்று மூன்று வகை இருக்கும். டிஸ்க்கின் மேல் பெரும்பாலும் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: வேகம், மிதப்பு, ஆரம்பத்தில் திரும்பும் அளவு, முடிவில் சாயும் அளவு. வலது கையால் பேக்ஹேண்டாக (புறங்கை முன்னே வர, உடலுக்குக் குறுக்கே இழுத்து) எறியும் ஒருவருக்கு டிஸ்க் முதலில் சற்று வலது பக்கம் போகும், வேகம் குறைந்ததும் இடது பக்கம் சாயும். மூன்றாவது எண் அந்த வலப்பக்கத் திருப்பத்தையும், நான்காவது எண் கடைசி இடப்பக்கச் சாய்வையும் சொல்கின்றன. இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

இந்த மைதானத்துக்கு வேக எண் 2 அல்லது 3 உள்ள ஒரு பட்டரும், 5 உள்ள ஒரு மிட்ரேஞ்சும் போதும். நான்காவது எண் 0 அல்லது 1 ஆக இருக்கட்டும். டிரைவரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதன் விளிம்பு மெல்லியது, தரையில் பட்ட பிறகும் வெகுதூரம் வழுக்கிப் போகும். அதற்குத் தேவையான வேகமும் புதியவர் கையில் வராது. வேகம் போதாத டிரைவர் சீக்கிரமே இடது பக்கம் சாய்ந்து நேராகக் கொடிக்குள் போய்விடும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. விதிப்படி டிஸ்க்கின் விட்டத்தில் ஒரு செ.மீ.க்கு 8.3 கிராம் வரைதான் எடை இருக்கலாம். சுமார் 21 செ.மீ. விட்டம் கொண்ட டிஸ்க்குகள் 175 கிராம் அளவில் நிற்பது அதனால்தான். புதியவருக்கு 150 முதல் 165 கிராம் வரை போதும். கையும் வலிக்காது, கொடிக்கும் அடி குறையும்.

நிறம்தான் பலர் யோசிக்காத விஷயம். பச்சை வேண்டாம் என்பது யாருக்கும் தெரியும். ஆனால் இலைகள் பழுக்கும் பருவத்தில் மஞ்சளும் சிவப்பும் ஆரஞ்சும்கூட மறைந்துவிடும். வெளிர் நீலமோ பளிச்சென்ற இளஞ்சிவப்போ வாங்குங்கள். அடிப்பக்கத்தில் அழியாத மையில் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள். இன்று கிடைக்காதது கவாத்து செய்பவர் கையில் என்றாவது கிடைக்கும்.

படி 3: எறிவதற்கு முன் வரிசையைப் படியுங்கள்

கொடி வரிசைகளுக்கு நடுவே பெரும்பாலும் 2 முதல் 3 மீட்டர் இடைவெளி இருக்கும். வரிசை முடிகிற இடத்தில் டிராக்டர் திரும்ப வெட்டவெளி விட்டிருப்பார்கள். டீயும் கூடையும் பெரும்பாலும் அந்த வெட்டவெளியில்தான் வைக்க முடியும். அதனால் எறிதல்கள் இரண்டு மாதிரி அமையும்: இரண்டு வரிசைக்கு நடுவே சந்து வழியாக நேராக, அல்லது தோட்டத்தின் ஓரமாக வளைந்து. வரிசைகளின் மேலாகத் தாண்டி எறியச் சொல்லும் துளையும் (ஒரு டீயிலிருந்து அதன் கூடை வரையான பகுதி) அபூர்வமாக உண்டு. அப்படி வந்தால் புதியவர்கள் ஓரமாகவே சுற்றிப் போங்கள். ஒரு எறி கூடுதலாகும், அவ்வளவுதான்.

டீ பலகையில் கொடிப் பகுதியை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லைக்கு வெளியே என்று போட்டிருந்தால் ஒரு எறி அபராதம். பொதுவாக முன்பு எறிந்த இடத்திலிருந்தோ, டிஸ்க் எல்லையைத் தாண்டிய இடத்திலிருந்தோ தொடரலாம். அபாயப் பகுதி என்றால் அபராதம் உண்டு, ஆனால் விழுந்த இடத்திலிருந்தே ஆட வேண்டும். நிவாரணப் பகுதி என்றால் அபராதமே இல்லை, வெளியே எடுத்து வைத்து ஆட வேண்டியதுதான். பலகையில் ஒன்றும் இல்லாவிட்டால், கொடிக்குள் விழுந்த டிஸ்க்கை அபராதம் இல்லாமல் பக்கத்துச் சந்துக்கு எடுத்து வருவது என்று ஆடும் நண்பர்கள் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கொடிக்கு நல்லது, சண்டையும் வராது.

பிறகு காற்று. வரிசைகள் காற்றைச் சந்துக்குள் இழுத்துக்கொள்ளும். வெளியே பக்கவாட்டில் வீசும் காற்று, சந்துக்குள் நேர் எதிராகவோ பின்னாலிருந்தோ வரும். ஒரு புல்லைக் கிள்ளி டீயில் ஒரு தடவையும், சந்தின் வாயில் ஒரு தடவையும் தூக்கிப் போட்டுப் பாருங்கள். எதிர்க்காற்றில் டிஸ்க் மேலெழும்பி, வலது கைப் பேக்ஹேண்டில் வலது பக்கம் புரளும். பின்காற்றில் சீக்கிரம் இறங்கி இடது பக்கம் சாயும்.

படி 4: எறிதல்

ஓடி வந்து எறிய வேண்டாம், நின்றே எறியுங்கள். இந்த மைதானத்தில் அதுவே போதும்.

வலது கைக்காரர் வலது தோளை இலக்கை நோக்கி வைத்து, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். கட்டைவிரல் டிஸ்க்கின் மேலே, மற்ற விரல்கள் அடியில், ஆள்காட்டி விரல் விளிம்பை ஒட்டி. உடலைத் திருப்பி டிஸ்க்கைப் பின்னால் கொண்டு போங்கள். உங்கள் நெஞ்சுக்கு முன்னால் ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருப்பதாக நினைத்து, அந்தக் கம்பியை ஒட்டியே டிஸ்க்கை நேர்கோட்டில் இழுங்கள். அரைவட்டமாகச் சுற்றி இழுத்தால்தான் டிஸ்க் கையை விட்டுக் கண்ட பக்கம் பறக்கிறது. இடுப்பு முதலில் திரும்பட்டும், கை கடைசியில் வரட்டும். டிஸ்க்கின் முன் விளிம்பு மேலே தூக்கிவிடக் கூடாது. தூக்கினால் காற்றில் நின்று, சாய்ந்து, பக்கத்து வரிசையில் விழும்.

சந்து வழியாக எறியும்போது டிஸ்க் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே பறந்தால் போதும். உயரமாகப் போகும் டிஸ்க்குக்குச் சாய நேரம் அதிகம். பட்டரை முக்கால் பலத்தில், தட்டையாக, சந்தின் நடுவுக்குச் சற்று வலப்பக்கமாகக் குறிவைத்து விடுங்கள். கடைசியில் சாயும்போது நடுவில் வந்து நிற்கும். ஒரு சந்தை இரண்டு எறிகளில் கடப்பதில் ஒரு குறையும் இல்லை.

திராட்சையைச் சரிவான நிலத்தில் நடுவது வழக்கம் என்பதால் உருளும் டிஸ்க்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தரையின் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒன்றாக இருந்தால் டிஸ்க் வழுக்கி நிற்கும். எதிரெதிராக இருந்தால் விளிம்பு தரையில் குத்தி, செங்குத்தாக எழுந்து, சரிவில் உருண்டு ஓடும். ஆகவே நிலம் இடது பக்கம் இறங்கினால் வலது கைக்காரர் பேக்ஹேண்டில் எறியலாம். வலது பக்கம் இறங்கினால் ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கை முன்னே வர, பக்கவாட்டிலிருந்து) எறியுங்கள், அது வலது பக்கம் சாயும். ஃபோர்ஹேண்ட் இன்னும் பழகவில்லையா? அரைப் பலத்தில் பட்டரைத் தாழ்வாக விட்டு, குறுகிய தூரமாகப் போங்கள்.

படி 5: கொடிக்குள் போய்விட்டால்

டிஸ்க் விழுந்ததும் கண்ணை எடுக்காமல் தூண்களை எண்ணுங்கள். “இடது வரிசை, ஐந்தாவது தூண் தாண்டி” என்று சத்தமாகச் சொல்லி வையுங்கள். எல்லா வரிசையும் ஒரே மாதிரி தெரியும் இடத்தில் தூண் எண்ணிக்கையை விட்டால் வேறு அடையாளம் கிடையாது. தேட விதி தருவது 3 நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு எறி அபராதத்தோடு பழைய இடத்திலிருந்து எறிய வேண்டும்.

அடுத்த வரிசைக்குப் போகக் கம்பிகளுக்கு நடுவே நுழையாதீர்கள். கம்பியில் தளிர்கள் கட்டப்பட்டிருக்கும், கீழே சொட்டுநீர்க் குழாய் ஓடும். வரிசையின் கடைசி வரை நடந்து சுற்றி வாருங்கள். அங்கே கடைசித் தூணிலிருந்து தரைக்குச் சரிவாக இறங்கும் ஸ்டே கம்பியைக் கவனியுங்கள். புல் வளர்ந்திருந்தால் அது கண்ணுக்கே தெரியாது. டிஸ்க்கைத் தேடி மேலே பார்த்துக்கொண்டு நடப்பவரின் கணுக்கால்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

டிஸ்க் கம்பியிலோ இலைக்கூட்டத்திலோ தொங்கினால், அதற்கு நேர் கீழே தரையில் இருப்பதாகக் கணக்கு. சாதாரணமாக டிஸ்க்கின் முன்னால் சிறிய குறி டிஸ்க்கை வைத்து, அதன் பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளமுள்ள இடத்தில் ஒரு காலாவது ஊன்றி எறிய வேண்டும். எறிய இடம் வேண்டும் என்று கொடியை வளைப்பதும் ஒடிப்பதும் விதிப்படியே தவறு. மிகக் குறைவாக அசையும்படிதான் நிற்க வேண்டும். அது முடியாது என்று தோன்றினால் வீம்பு பிடிக்க வேண்டாம்: ஒரு எறி அபராதத்தை ஏற்றுக்கொண்டு, கூடைக்கு எதிர்த்திசையில் அதே கோட்டில் பின்வாங்கலாம், அல்லது முந்தைய இடத்துக்கே திரும்பலாம். கொடிக்குள் நின்று கையை வீசுவதைவிட அந்த ஒரு எறி எவ்வளவோ மேல்.

படி 6: கூடைக்குள் போடுவது

கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வந்துவிட்டால், டிஸ்க்கை விட்ட பிறகு சமநிலையோடு நின்று காட்டிவிட்டுத்தான் முன்னே நடக்கலாம். மொத்தக் கூடையையும் பார்க்காமல், சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைத் தேர்ந்தெடுத்து அதை நோக்கி விடுங்கள். சங்கிலியில் தொங்கினாலும் தட்டில் கிடந்தாலும் கணக்கில் சேரும். கூடையின் தலைமேல் உட்கார்ந்தால் சேராது.

கூடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பலத்தை முடிவு செய்யுங்கள். பின்னால் புல்வெளி என்றால் துணிந்து எறியலாம். சரிவோ வரிசையோ இருந்தால் கூடைக்கு அடியில் போய் விழும்படி மெதுவாக விட்டு, அடுத்ததில் போட்டு முடியுங்கள்.

படி 7: செருப்பையும் டிஸ்க்கையும் துடைப்பது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் தோட்டத்துக்காரருக்கு இதைவிடப் பெரிய கவலை இல்லை. ஃபிலோக்ஸெரா என்ற பேன் போன்ற நுண்ணிய பூச்சி திராட்சை வேரை உறிஞ்சி வாழ்கிறது. வட அமெரிக்காவிலிருந்து போன இந்தப் பூச்சி 1860-களில் பிரான்சில் பரவத் தொடங்கி, சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக் கட்டித்தான் மீண்டார்கள். இன்றும் ஒட்டுக் கட்டாத கொடிகள் உள்ள தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே பூச்சி வந்தால் மருந்து கிடையாது. வண்டிச் சக்கரத்தில், கருவிகளில், காலணி மண்ணில் ஒட்டிக்கொண்டு அது ஊர் ஊராகப் போகும்.

ஆகவே ஆடி முடித்ததும், வண்டியில் ஏறுவதற்கு முன், அதே தோட்டத்தில் வைத்தே காலணியின் அடி, டிஸ்க்கின் உள்விளிம்பு, பையின் அடி, தள்ளுவண்டி இருந்தால் அதன் சக்கரம் எல்லாவற்றிலும் உள்ள மண்ணை பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்திருந்தால், முதலில் மண்ணைத் தட்டிவிட்டு, அவர்கள் சொல்லும் நேரம் முழுவதும் அதில் காலை வைத்திருங்கள். அதே நாளில் இன்னொரு திராட்சைத் தோட்ட மைதானத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் வேறு காலணி எடுத்துப் போங்கள்.