காண்டூர் கோடு போடுறப்பவும் படிக்கிறப்பவும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜியாகரஃபி ப்ராக்டிகல் எடுக்க ஆரம்பிச்சு ரொம்ப வருஷமாச்சு, ஒவ்வொரு வருஷமும் புது பசங்க வராங்க, தப்பு மட்டும் அதே தப்புதான். போன வாரம் ஒரு பொண்ணு காண்டூர் கோடு, அதாவது மேப்ல ஒரே உயரத்துல இருக்கிற இடங்களைச் சேர்க்கற சம உயரக்கோடு, போட்ட ஷீட்டைக் கொண்டு வந்து காட்டினா. கோடெல்லாம் அவ்வளவு நீட்டா, அச்சடிச்ச மாதிரி இருக்கு, ஆனா 60 மீட்டர் கோட்டுக்கு மேட்டுப் பக்கம்னு அவ காட்டுற இடத்துல 57 மீட்டர்னு அளந்த ஒரு புள்ளி உட்கார்ந்திருக்கு. என்னமா இதுன்னு கேட்டா, "வளைவு அழகா வரணும்னு லேசா தள்ளிப் போட்டேன் மேம்"னு சொல்றா. அவ மட்டும் இல்ல, பாதிப் பேர் சம உயரக்கோட்டை ஒரு டிசைன் மாதிரிதான் பார்க்கறாங்க.

நான் வகுப்புல முதல்ல சொல்றது ஏரிதான். கோடைல ஏரித் தண்ணி வத்த வத்த கரையில வரி வரியா தடம் விழும், பார்த்திருப்பீங்க. தண்ணி ஒரு நாள் எந்த மட்டத்துல நின்னுச்சோ அந்த மட்டத்துல ஏரியைச் சுத்தி ஒரே கோடு, அதுதான் சம உயரக்கோடு. கோட்டுக்கு கீழ இருந்ததெல்லாம் அன்னைக்கு முழுகி இருந்துச்சு, மேல இருந்ததெல்லாம் காய்ஞ்சு இருந்துச்சு. அப்போ 60 கோடு போட்டா மேப்ல இருக்கிற ஒவ்வொரு நம்பரையும் பார்த்து கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான், தண்ணி 60 வரைக்கும் வந்தா இது முழுகுமா காயுமா. 57 முழுகணும், 66 காயணும், ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கவே கூடாது. கோடு எவ்வளவு கோணலா இருந்தாலும் பரவாயில்ல, நம்பர் பக்கம் மாறக்கூடாது.

அடுத்து இடைச்செருகல், அதாவது ரெண்டு நம்பருக்கு நடுவுல கோடு எங்க போகணும்னு கணக்கு போடறது. நிறைய பேர் கண்ணை மூடிட்டு நடுவுல ஒரு புள்ளி வச்சிடறாங்க. 57க்கும் 66க்கும் நடுவுல 60 எங்க வரும்? மொத்த வித்தியாசம் 9, 57ல இருந்து 60க்கு 3, ஆக மூணுல ஒரு பங்கு தூரம். ஸ்கேல் வச்சு அளந்தா ரெண்டு புள்ளிக்கும் நடுவுல 2.7 செமீ இருக்குன்னு வைங்க, 57ல இருந்து 0.9 செமீ தள்ளி சின்னதா ஒரு புள்ளி. நடுவுல வச்சிருந்தா 1.35ல வந்திருக்கும், பேப்பர்ல அரை சென்டிமீட்டர் கூட இல்லாத வித்தியாசம்னு தோணும், ஆனா 1 செமீக்கு தரையில 500 மீட்டர்னு போட்ட 1:50,000 மேப்ல அது தரையில 225 மீட்டர். இந்தப் புள்ளிகளை எல்லாம் வச்சு முடிச்ச பிறகுதான் கோட்டுக்கே கை போகணும்.

இதுல இன்னொரு பெரிய பள்ளம் இருக்கு. ஆத்துக்கு இந்தக் கரையில 72, அந்தக் கரையில 84, ரெண்டுக்கும் நேரா கோடு இழுத்து நடுவுல 80 மட்டும் குறிச்சிட்டு போயிடறாங்க. ஆனா நடுவுல ஓடுற ஆறு 65ல ஓடுது, அப்போ தரை 72ல இருந்து 65க்கு இறங்கி அப்புறம் 84க்கு ஏறுது, 70 கோடு ரெண்டு கரையிலயும் வரணும், 80 அந்தக் கரையில மட்டும். ஆத்தைத் தாண்டியோ மலை முகட்டைத் தாண்டியோ கணக்கு போடாதீங்க. அதனாலதான் பென்சிலை எடுத்ததும் முதல்ல ஆறு, ஓடை, முகடு இதெல்லாத்தையும் லேசா குறிச்சிக்கிட்டு அப்புறம் நம்பரைத் தொடச் சொல்றேன்.

ஆறுன்னு சொன்னதும் அந்த வி வந்துடும். கோடு ஆத்தைக் கடக்கும்போது வி மாதிரி வளையும், அந்த வி முனை மேல பார்க்குமா கீழ பார்க்குமான்னு மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க, பரீட்சை ஹால்ல போய் தலைகீழா போட்டுட்டு வருவாங்க. மனப்பாடமே வேணாம், மேட்டூர் அணையை நினைச்சுக்கோங்க. அணை நிரம்ப நிரம்ப தண்ணி காவிரி வழியா ஒகேனக்கல் பக்கமா பின்வாங்கி ஏறிக்கிட்டே போகும், பக்கத்து ஓடைங்களுக்குள்ளயும் விரல் விட்ட மாதிரி நுழையும். அணை நிரம்பி இருக்கிறப்ப எடுத்த சேட்டிலைட் படத்தை போன்ல திறந்து பாருங்க, அந்த நீர்க்கரை மொத்தமும் ஒரே ஒரு காண்டூர் கோடு. தண்ணி விரல் நுழையிற இடம் பள்ளத்தாக்கு, அங்க வி முனை ஆறு வர்ற பக்கம் பார்க்குது. நிலம் தண்ணிக்குள்ள மூக்கு நீட்டற இடம் மலைத்தொடரோட கிளை, அங்க முனை இறங்குற பக்கம் பார்க்குது. ஒரு தடவை இதைப் பார்த்த பசங்க அதுக்கப்புறம் வி மாத்திப் போட்டு நான் பார்த்ததில்ல.

கோடுங்க ஒண்ணை ஒண்ணு வெட்டக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ரெண்டா பிரியக்கூடாதுன்னு பல பேருக்குத் தெரியறதில்ல, ஒரு கோடு போயிட்டு இருக்கும்போதே ஒய் மாதிரி கிளை விட்டுடுவாங்க. நீர்க்கரை எங்கயாவது கிளை விடுமா? அதே மாதிரி ஷீட் நடுவுல கோடு சும்மா முடிஞ்சு நிக்கக்கூடாது, ஒண்ணு சுத்தி வந்து மூடணும், இல்ல ஷீட்டோட ஓரத்துக்குப் போய் வெளிய போகணும். செங்குத்துப் பாறைல கோடுங்க ஒட்டிக்கும், பாறை முன்னாடி தொங்கற இடத்துல மட்டும் நிஜமாவே வெட்டும், அது ரொம்ப அபூர்வம், உங்க ப்ராக்டிகல் ஷீட்ல வராது.

மூடின கோடுன்னா மலைன்னு முடிவு பண்றதும் தப்பு. மகாராஷ்டிரால லோனார்னு விண்கல் விழுந்து உண்டான பள்ளம் இருக்கு, குறுக்களவு கிட்டத்தட்ட 1.8 கிமீ. காண்டூர் மேப்ல பார்த்தா வட்டம் வட்டமா ஒரு குன்று மாதிரியே இருக்கும், நம்பரைப் படிச்சாதான் உள்ள போகப் போக குறையறது தெரியும். பள்ளத்துக்கு கோட்டோட உள்பக்கமா குட்டி குட்டி கோடு இழுக்கணும், அதை விட்டுட்டா மேப்பைப் படிக்கிறவர் குழியில நின்னுக்கிட்டு உச்சின்னு நினைப்பார்.

உச்சின்னதும் தொட்டபெட்டா. சர்வே ஆஃப் இந்தியாவோட 58 ஏ/11 டோப்போ ஷீட்ல (நில அமைப்பைக் காட்டற மேப்) ஊட்டிக்கு கிழக்க இருக்கு, உயரம் 2637 மீட்டர், கோட்டு இடைவெளி, அதாவது அடுத்தடுத்த ரெண்டு கோட்டுக்கு உயர வித்தியாசம், 20 மீட்டர். உச்சியைச் சுத்தி இருக்கிற கடைசி கோடு எதுன்னு கேட்டா 2640ன்னு சொல்றவங்க நிறைய, ரவுண்டு பண்ணிடறாங்க. தண்ணி கேள்வியைக் கேட்டுப் பாருங்க. 2620 வரைக்கும் தண்ணி வந்தா தொட்டபெட்டா 17 மீட்டர் உயரத்துல ஒரு தீவா நிக்கும், 2640க்கு வந்தா முழுசா முழுகிடும், அப்போ 2640 கோடே கிடையாது. இன்னொரு பக்கம், ஸ்பாட் ஹைட், அதாவது உச்சியோட உயரத்தை நம்பராவே, போடாத, கடைசி கோடு 2620ஆ இருக்கிற மலைக்கு உச்சி 2620தான்னு எழுதறதும் தப்பு, 2620க்கு மேல, 2640க்கு கீழன்னு மட்டும்தான் சொல்ல முடியும். ஒரு மைலுக்கு ஒரு இன்ச்னு போட்ட பழைய ஷீட்ல உயரம் அடியில இருக்கும், தொட்டபெட்டா 8650 அடி சொச்சம், அதைப் பார்க்காம மீட்டர்னு எடுத்துக்கிட்டா எவரெஸ்ட் பக்கத்துல போய் நிக்கும்.

சரிவு கணக்குல ரெண்டு தப்பு. முதல் தப்பு எண்ணறதுல. ஒரு செமீக்குள்ள 5 கோடு இருந்தா ஏத்தம் 100 மீட்டர்னு போடறாங்க, அஞ்சு கோட்டுக்கு நடுவுல இடைவெளி நாலுதான், ஏத்தம் 80 மீட்டர். தரையில 500 மீட்டருக்கு 80, அதாவது 16 சதவீதம். ரெண்டாவது தப்பு திசையில. மலையோட சரிவு கோட்டுக்கு செங்குத்தா அளக்கறது, பாதையோட சரிவு பாதை வழியா அளக்கறது, ரெண்டும் வேற வேற. நீலகிரி மலை ரயில் கல்லார்ல இருந்து குன்னூர் ஏறும்போது அதிகபட்சம் 12க்கு 1, பல்சக்கரம் போட்டுதான் ஏறுது. அந்தக் கணக்குல 20 மீட்டர் ஏற 240 மீட்டர் ஓடணும், 1:50,000 மேப்ல 4.8 மிமீ, அதாவது தண்டவாளம் அதைவிடக் கம்மியான தூரத்துல அடுத்த கோட்டைத் தொடவே கூடாது. ஆனா அதே மலைச்சரிவுல கோடுங்க ஒரு மிமீ இடைவெளில நெருங்கி நிக்கிற இடம் இருந்தா அங்க தரை சரிவு 40 சதவீதம். ரயில் கோடுங்களோட ஒட்டி ஒட்டி சாய்வா போய்தான் ஏறுது, இதை மேப்ல விரல் வச்சு தடவிப் பார்க்கறது எனக்கு இன்னைக்கும் ரொம்பப் பிடிக்கும்.

கோடு அகலமா இருந்தா நடக்க ஈஸின்னு நம்பறதும் ஆபத்து. கோத்தகிரி பக்கம் ஒரு தடவை நாலஞ்சு பேரா நடந்தோம், மேப்ல கோடுங்க நல்லா விரிஞ்சிருக்கு, நேரா இறங்கிடலாம்னு நான்தான் சொன்னேன். பாதி வழியில ரெண்டு மாடி உயரத்துக்குப் பாறை, நேரா இறக்கம். இருட்டறதுக்குள்ள சுத்தி வரணுமேன்னு கூட வந்த சின்னப் பசங்களைப் பார்த்து பயந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. மேப்ல தப்பே இல்ல, 20 மீட்டர் இடைவெளில 10 மீட்டர் பாறை ரெண்டு கோட்டுக்கு நடுவுல மறைஞ்சு போகும். கோட்டு இடைவெளிக்குள்ள என்ன இருக்குன்னு மேப் உங்களுக்கு வாக்கு கொடுக்கவே இல்ல.

மலையை வெட்டிப் பக்கவாட்டுல பார்க்கற மாதிரி குறுக்குவெட்டு வரையறப்ப உயர ஸ்கேலை எழுத மறந்துடாதீங்க. கிடை 1:50,000, உயரம் 1 செமீக்கு 100 மீட்டர்னா மலை 5 மடங்கு ஊதித் தெரியும், அந்தப் படத்துல ப்ரொட்ராக்டர் வச்சு சரிவு அளந்தா விடை தப்புதான்.

உயரத்தைக் காட்டாத கோடுங்களுக்கும் இதே கேள்விதான், நம்பர் சரியான பக்கத்துல இருக்கான்னு. சம அளவுக் கோடு உயரத்துக்குன்னு மட்டும் வந்ததில்ல, வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1701லயே அட்லாண்டிக் கடலுக்கு காந்த ஊசி நிஜ வடக்குல இருந்து விலகறதை இப்படிக் கோடா போட்டு மேப் வெளியிட்டார். மலைக்கு வந்தது அதுக்கப்புறம், 1774ல ஸ்காட்லாந்து ஷீஹேலியன் மலையை சர்வே பண்ணி எடுத்த நம்பர் குவியலை வச்சுக்கிட்டு, கணித அறிஞர் சார்லஸ் ஹட்டன் ஒரே உயரம் வர்ற இடங்களைக் கோடால சேர்த்தார், மலையோட பருமனைக் கணக்கு போட. நம்பர் முதல்ல, கோடு அதுக்குப் பின்னாடி.

காத்தழுத்தம் ஒரே அளவா இருக்கிற இடங்களைச் சேர்க்கற சமஅழுத்தக் கோட்டுல பெரிய தப்பு, வானிலை ஸ்டேஷன்ல அளந்த அளவை அப்படியே போடறது. ஊட்டி 2200 மீட்டர்ல இருக்கு, அங்க பாரோமீட்டர் 800 ஹெக்டோபாஸ்கலுக்கும் கீழதான் காட்டும், அதையும் சென்னையோட அளவையும் சேர்த்துக் கோடு போட்டா நீலகிரி மேல நிரந்தரமா ஒரு புயல் நிக்கிற மாதிரி வரும். கடல்மட்டத்துக்கு மாத்தின பிறகுதான் போடணும். மழையளவுக் கோட்டுலயும் அப்படித்தான், வால்பாறை பக்கம் சின்னக்கல்லார் தமிழ்நாட்டுலயே அதிகமா மழை பெய்யற இடங்கள்ல ஒண்ணு, மலைக்கு இந்தப் பக்கம் கோயம்புத்தூர் மழை மறைவுப் பகுதி. ரெண்டுக்கும் நடுவுல சம இடைவெளில கோடு போட்டா கணக்கு சரி, மேப் தப்பு, ஏன்னா தென்மேற்குப் பருவத்துல மழை முகட்டைத் தாண்டினதும் சட்டுனு குறைஞ்சிடும். கோடுங்க முகட்டை ஒட்டி நெருங்கணும்.

இப்போ கம்ப்யூட்டர் எல்லாம் பண்ணிடுமேன்னு பசங்க சொல்றாங்க. க்யூஜிஐஎஸ்னு மேப் போடற சாஃப்ட்வேர்ல ரெண்டு க்ளிக்ல காண்டூர் வந்துடும்தான், ஆனா எவ்வளவு இடைவெளின்னு அது கேக்கும்போது 1 மீட்டர்னு அடிக்கறாங்க. பெரும்பாலும் உள்ள கொடுக்கற டேட்டா 2000 பிப்ரவரில எண்டெவர் விண்கலம் ரேடார்ல எடுத்த எஸ்ஆர்டிஎம்ங்கற தரை உயர டேட்டா, அதோட உயரத்துலயே பல மீட்டர் பிழை இருக்கும், அதுல இருந்து ஒரு மீட்டர் கோடு எப்படி வரும். நீலகிரில 20 மீட்டர் கோடுன்னா தாங்கும். நாகப்பட்டினம், திருவாரூர் மாதிரி தட்டையான டெல்டால அந்த ஒரு மீட்டர் கோட்டைப் போட்டு வெள்ளம் எங்க நிக்கும்னு ப்ராஜெக்ட்ல எழுதறாங்க. ரேடார் தரையை மட்டும் பார்க்கறதில்ல, அடர்த்தியா மரம் இருந்தா இலைக்கும் தரைக்கும் நடுவுல எங்கயோ ஒரு உயரத்தைக் கொடுக்கும். போன வருஷம் ஒரு பையன் கொண்டு வந்த மேப்ல வயலுக்கு நடுவுல குட்டி குட்டி வட்டமா நிறைய மேடு, அவ்வளவு மேடு அந்த ஊர்ல இல்லையேன்னு சேட்டிலைட் படத்தை மேல வச்சுப் பார்த்தோம், ஒவ்வொண்ணும் ஒரு தென்னந்தோப்பு.