பீரோ ஒழிக்கும்போது ஒரு நாளைக்கு ஒரே தட்டு

பீரோவை ஒழிக்கிறேன் என்று மொத்தத் துணியையும் கட்டிலில் கொட்டாதீர்கள். நடுவில் வேறு வேலை வந்துவிடும், ராத்திரி படுக்க இடம் வேண்டுமே என்று எல்லாம் அப்படியே சுருட்டி உள்ளே போகும், அப்புறம் முன்னைவிட மோசம். ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும்.

அதிலிருப்பதை முழுக்க வெளியே எடுத்து, தட்டைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, உடுத்துவது, கொடுப்பது, தைக்க வேண்டியது என்று பிரியுங்கள். கொடுப்பதை அப்போதே ஒரு கட்டைப்பையில் போட்டு வாசல் பக்கம் வையுங்கள். பீரோ மேலே ஏற்றினால் போகி வரைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

பட்டுப்புடவைக்குக் கூடுதல் பொறுமை வேண்டும். பிளாஸ்டிக் கவரிலேயே விட்டுவைத்தால் ஈரம் உள்ளே தங்கி ஜரிகை கறுத்துப்போகும். துவைத்த பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து அதில் சுற்றி வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு மடிப்பை மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் அதே மடிப்பில் பட்டு இற்றுக் கிழியும். அந்துருண்டையைப் புடவை மேல் நேராகப் போடவே கூடாது. சருகாகக் காய்ந்த வேப்பிலையையோ வசம்பையோ சின்னத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்கலாம். மேட்சிங் ரவிக்கை, பாவாடை இரண்டையும் அந்தந்தப் புடவையோடு சேர்த்தே வைத்துவிட்டால் கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் தேடவே வேண்டாம்.

பெட்ஷீட்டுக்கும் இதே வழிதான்: விரிப்பை மடித்து அதன் தலையணை உறைக்குள்ளேயே போட்டு வையுங்கள், செட் பிரியாது.