கல்லூரி வளாகத்தில் மாணவர்களே நடத்தும் மறுபயன்பாட்டுக் கடை: தொடங்கும் முறை

விடுதிகள் காலியாகும் வாரத்தில் நல்ல நிலையிலுள்ள சட்டைகளும் வாளிகளும் மேசை விளக்குகளும் குப்பைத் தொட்டியருகே குவிகின்றன. அடுத்த கல்வியாண்டில் சேரும் மாணவர்கள் அதே பொருள்களைக் கடையில் புதிதாக வாங்குகிறார்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் பொருள்களைப் பத்திரமாக வைத்திருக்க முடிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே விற்பனைக்கான இடத்தைத் தேடும் முன்பே, ஈரம் படாத, பூட்டு வசதியுள்ள சேமிப்பு அறை ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்.

நிர்வாகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தில் பொறுப்பாளர்கள் யார், மேற்பார்வையிடும் ஆசிரியர் யார், வருமானம் எதற்குச் செலவாகும், விற்காமல் எஞ்சுபவை எங்கே போகும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை இருக்க வேண்டும். ஒரு பருத்தி டி-ஷர்ட்டை உருவாக்க ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் தேவைப்படுகிறது என்ற பரவலான மதிப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நிர்வாகத்தின் உண்மையான கவலை தூய்மையும் பணக்கணக்கும்தான் என்பதால் அவற்றை விரிவாக எழுதுங்கள். வரும் பணம் மாணவர் அமைப்பின் பெயரிலுள்ள கணக்கில்தான் சேர வேண்டும். எவ்வளவு நம்பிக்கைக்குரியவராக இருந்தாலும் தனி மாணவர் ஒருவரின் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது.

பொருள்களை நன்கொடையாகப் பெறலாம். விற்றபின் உரிமையாளருக்குப் பங்கு தருவதாகவும் பெறலாம். பின்னதில் ஒவ்வொரு பொருளையும் அதன் உரிமையாளரோடு இணைத்துப் பதிவு செய்ய வேண்டியிருப்பதால், முதல் ஆண்டில் நன்கொடையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கடையின் பெயர் நிலைப்பதும் கெடுவதும் தரம் பிரிக்கும் மேசையில்தான். ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால் பூச்சி அரித்த சிறு துளைகள் தெரியும். காலரின் உட்புறத்தையும் அக்குள் பகுதியையும் பாருங்கள். ஜிப்பை முழுவதுமாக ஏற்றி இறக்குங்கள். உடைகளில் தைத்த பைகளை வெளியே இழுத்துப் பாருங்கள், அடையாள அட்டையோ பணமோ மறந்து விடப்பட்டிருக்கக்கூடும். முதுகுப்பைகளின் தையல் மடிப்புகளில் மூட்டைப்பூச்சி ஒளிந்திருக்கும் என்பதால் ஐயமுள்ளவற்றை அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். துணிகளாக இருந்தால் உலர்த்தும் இயந்திரத்தில் உயர் வெப்பத்தில் அரை மணி நேரம் ஓட்டியபின் எடுத்துக்கொள்ளலாம். உள்ளாடை, மெத்தை, திறந்த அழகுசாதனப் பொருள்கள், மருந்து ஆகியவற்றை ஏற்காதீர்கள். தலைக்கவசமும் வேண்டாம், ஒருமுறை அடிபட்டிருந்தால் சேதம் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கலாம். மின்சாதனங்களை, அவற்றைச் சோதிக்கத் தெரிந்தவர் கையெழுத்திட்ட பிறகே விற்பனைக்கு வையுங்கள். கொண்டுவந்தவர் நண்பராக இருந்தாலும் ‘இது வேண்டாம்’ என்று பணிவாகச் சொல்லப் பழகாத கடை விரைவில் கிடங்காகிவிடும்.

ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதுவது வீண் உழைப்பு. மூன்று அல்லது நான்கு விலைப்படிகள் போதும். வாரத்துக்கு ஒரு நிறச் சீட்டு ஒட்டினால் எது எவ்வளவு நாள் கிடக்கிறது என்பது பார்த்தவுடனே புரியும். நான்கு வாரமாகியும் போகாததைப் பாதி விலைக்குத் தாருங்கள், அதன் பிறகும் நின்றால் கொடைக்கு அனுப்புங்கள். போட்டுப் பார்க்கத் திரையிட்ட மூலையும் முழு உயரக் கண்ணாடியும் இன்றியமையாதவை. கல்லாவைத் திறப்பதும் எண்ணுவதும் எப்போதும் இருவராகவே நடக்க வேண்டும்.

வாரம் முழுவதும் நிச்சயமில்லாமல் திறப்பதைவிட, குறித்த இரண்டு நாள்களில் தவறாமல் திறப்பது வாடிக்கையாளர்களைப் பழக்கும். விளம்பரத்தில் ‘வசதியற்றோருக்கு’ என்ற சொல்லே வர வேண்டாம். எல்லோரும் வாங்கும் கடை என்றால்தான் உண்மையில் தேவையுள்ள மாணவர் கூச்சமின்றி உள்ளே வருவார். இதில் எந்தச் சமரசமும் கூடாது.

நடத்துபவர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ளுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் கடைசித் தேர்வுக்கு ஒரு பருவம் முன்பே சாவி, இருப்புப் பதிவேடு, வரவுசெலவுக் கணக்கு, சலவைக்கும் கொடைக்குமான தொடர்பு எண்கள் ஆகியவற்றை இளையவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தப் பருவம் முழுவதும் அவர்களுக்கு உதவியாளர்களாக வேலை செய்ய வேண்டும்.