ஸ்நார்கெலிங்: நங்கூரம் போட்டதும் குதிக்காதீர்கள்

பாய்மரப் படகில் குடும்பத்தோடு தீவு தீவாகப் போகிறவர்களுக்கு ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) என்றதும் முதலில் வரும் பயம் சுறாதான். பயப்பட வேண்டியது நீரோட்டத்துக்கு. சுற்றுலாப் படகில் போனால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி இருப்பார். சொந்தப் படகில் அந்தப் பொறுப்பு அப்பா அம்மாவுடையது.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள், நங்கூரம் பிடித்ததும் எல்லோரும் குதித்துவிடுவார்கள். இதுதான் பெரிய தவறு. மேற்பரப்பு அமைதியாக இருந்தாலும் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கலாம். முதலில் ஒரு மிதவையைக் கயிற்றில் கட்டிப் படகின் பின்பக்கம் விடுங்கள். அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பாருங்கள். கடலில் வேகத்தை நாட் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு நாட் வேகம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர். அதை எதிர்த்து ஒரு குழந்தையால் நீந்த முடியாது, பெரியவர்களும் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். ஓட்டம் மெதுவாக இருந்தால் முதலில் அதை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது, களைப்பாக இருக்கும் நேரத்தில், அதுவே உங்களைப் படகுக்குக் கொண்டுவரும். மிதவைக் கயிற்றை அப்படியே விட்டுவையுங்கள். படகைத் தவறவிட்டவருக்குப் பிடித்துக்கொள்ள அது இருக்கும்.

மாலத்தீவு, பிரெஞ்சு பாலினேசியாவின் துவாமோட்டு போன்ற வளையத் தீவுகளில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே உள்கடலுக்குத் தண்ணீர் போய்வருவது பெரும்பாலும் பவளத்திட்டுக்கு இடையிலுள்ள குறுகிய வாய்கள் வழியாகத்தான். தண்ணீர் உள்ளே வரும்போது, டிங்கியின் (படகோடு வரும் சிறு படகின்) கயிற்றைக் கையில் பிடித்தபடி மிதந்து வருவது அருமையான அனுபவம். வெளியே போகும்போது இறங்கினால் நேராகத் திறந்த கடலுக்குத்தான் போவீர்கள். கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையை மட்டும் நம்பவும் கூடாது. பெரிய அலைகள் திட்டைத் தாண்டி உள்ளே கொட்டும் நாட்களில், ஓதம் ஏறும் நேரத்திலும் அந்தக் குறுகிய வாய் வழியே தண்ணீர் வெளியே ஓடும். நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது ஏணி. குதித்த பிறகுதான் அதை இறக்கவில்லை என்று தெரிகிற குடும்பங்கள் உண்டு. படகின் பக்கவாட்டு உயரத்தைத் தண்ணீரிலிருந்து எட்டிப் பிடித்து ஏறவே முடியாது. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் எப்போதும் படகில் இருக்கட்டும். ஏணிக்கு மட்டுமல்ல, நங்கூரம் நழுவினாலும் கவனிக்க ஆள் வேண்டும். யாராவது தண்ணீரில் இருக்கும்போது எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடக் கூடாது. புரொப்பெல்லர் மட்டும் ஆபத்தில்லை, பின்பக்கம் தேங்கும் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடும் ஆளை மயக்கும். டிங்கியிலும் அப்படித்தான், எஞ்சினை நிறுத்திய பிறகே ஆட்களை ஏற்றுங்கள்.

மாஸ்க் விஷயம் சின்னதுதான், ஆனால் பெரியவர்களின் மாஸ்க்கைக் குழந்தைக்கு மாட்டி, ஒழுகுகிறதே என்று பட்டையை இறுக்குவதால் முதல் நாளே வெறுத்துப்போன பிள்ளைகள் நிறைய. பட்டை போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டால் அதுதான் சரியான அளவு.

வெப்பமண்டலக் கடல்தானே, குளிராது என்று நினைப்பதும் தவறு. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை எடுத்துவிடும். மீன் பார்க்கும் உற்சாகத்தில் பிள்ளை குளிர்கிறது என்று சொல்லாது, உதடு நீலமானதும் உங்களுக்குத்தான் தெரியும். முழுக்கை நீச்சல் உடை குளிரையும் வெயிலையும் ஓரளவு தடுக்கும், சன்ஸ்க்ரீனும் குறைவாகப் போதும். பவளத்தைக் காக்க பசிபிக் தீவு நாடான பலாவ் 2020-லும் ஹவாய் 2021-லும் சில சன்ஸ்க்ரீன் ரசாயனங்களுக்குத் தடை போட்டிருக்கின்றன.

பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்: மூழ்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கக் கூடாது. அப்படிச் செய்தால் உடலில் கார்பன் டைஆக்சைடு குறைந்துவிடும், மூச்சு முட்டும் உணர்வைத் தருவதே அதுதான். ஆக்சிஜன் தீர்ந்தது தெரியாமலே தண்ணீருக்குள் மயங்கிவிடுவார்கள். அலறலோ தத்தளிப்போ இருக்காது. ஒருவர் மூழ்கினால் இன்னொருவர் மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

களைத்த பிள்ளை கால் வைக்கத் தேடுவது பவளத்தைத்தான். பல வருடங்கள் வளர்ந்தது ஒரு மிதியில் உடையும், காலையும் கிழிக்கும். ஆளுக்கொரு மிதவைப் பலகை கொடுத்துவிட்டால் அந்த நிலை வராது. ஆனாலும் பிள்ளை “போதும்” என்றால், அப்போதுதான் பக்கத்தில் ஆமை வந்திருந்தாலும், உடனே படகில் ஏற்றிவிடுங்கள்.